எண் இல்லாத புகார்

சாம்பாரில் உப்பில்லை என்பதைச் சொல்ல ராகவ் நான்கு வாக்கியங்கள் எடுத்துக்கொண்டான்.

"முதல்ல ஸாரி. காலையிலேர்ந்து உனக்கு நிறைய வேலைன்னு தெரியும். சாம்பார்ல உப்பு போடப்படலையோன்னு ஒரு சந்தேகம். அட்வான்ஸா தேங்க்ஸ்."

நிருபமா உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். "சரி" என்றாள்.

ஆகஸ்டில் ஜெர்மனிக்கு, டார்ம்ஸ்டாட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அதிகம் பேசிய சொல் அதுதான். வெளியே போகலாமா என்றால் சரி. எங்கே போகலாம் என்றாலும் சரி. அவள் வேதியியலில் எம்.எஸ்சி. சொல்ல வேண்டியதை மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். கட்டின கணவனிடமும் அதே நிலைமை.

ஆனால் அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"இப்படிப் பேச யார் சொல்லித் தந்தா?"

"எப்படி?"

"ஸாரியில ஆரம்பிச்சு தேங்க்ஸ்ல முடிக்கறது."

"ஓ, அதுவா!" ராகவ் முகம் மலர்ந்தது. "ரத்னா."

கல்யாணமாகி இத்தனை நாளில் அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ராகவ் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தது. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவில் ஒரு நகரம். அதன் மக்கள் நகராட்சிக்கு அனுப்பும் புகார்களைக் கம்ப்யூட்டரே படித்து, உரிய துறைக்குப் பிரித்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டுமென்றால் முதலில் மனிதர்கள் பிரித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு புகாரும் ஒரு தாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஒரு பிரிவு எழுத வேண்டும்: தண்ணீர், விளக்கு, சாலை, குப்பை, மற்றவை. இதற்காகவே இந்தோனேசிய மொழி படித்துக்கொண்டிருந்த ராகவ் முதலில் எழுதுவான். பிறகு, அதே கட்டு கூட வேலை பார்க்கும் ரத்னாவிடம் போகும். அவள் அவன் எழுதியதை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு தன் பங்குக்கு எழுதுவாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேரும்.

"போன வாரம் நூத்துக்குத் தொண்ணூத்தாறு ஒத்துப்போச்சு. எனக்கும் ரத்னாவுக்கும்" என்றான் ராகவ்.

நிருபமாவுக்கும் அவனுக்கும் பத்துப் பொருத்தத்தில் ஏழுதான்.

*

கீழ்த்தளத்தில் எவ்லின் அக்கா இருந்தாள். மன்னார்க்காரி. பேக்கரியில் காலை வேலை. மத்தியானத்துக்கு மேல் கதவு எப்போதும் திறந்திருக்கும்.

"ரத்னாவோ? தமிழ்ப் பிள்ளையோ?"

"இல்லக்கா. இந்தோனேசியா. பேர் மட்டும் நம்ம பேர் மாதிரி."

"கட்டினதோ?"

"தெரியல."

"கேக்கேல்லையோ?"

"எப்படிக் கேக்கறது?"

"வாயாலதான்." எவ்லின் அக்கா தேநீர்க் கோப்பையை அவள் முன்னால் வைத்தாள். "ஆம்பிளை முப்பது வயசுக்குப் பிறகு புதுப் பாஷை படிக்கிறானெண்டா சும்மா படிக்க மாட்டான், பிள்ளை."

"வேலைக்காகத்தான்..."

"ஓம், ஓம், வேலைதான். நான் இந்த ஊர்ப் பாஷை, டொச், ஏன் படிச்சனான் தெரியுமோ? என்ர மனுசன் அன்ரன் மரக்கறிக் கடைக்காரியோட நிண்டு நிண்டு கதைப்பார். எனக்கு ஒண்டும் விளங்காது. ராப்பகலாப் படிச்சன். ஆறு மாசத்தில சோதனை பாஸ்."

"என்ன பேசிட்டிருந்தாங்க?"

"உருளைக்கிழங்கு விலை." அக்கா பெருமூச்சு விட்டாள். "ஆனா விளங்கின பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. உமக்குத் தெரியாதெண்டுதானே அவர் மேசையில விரிச்சு வைக்கிறார்? படியும்."

*

நிருபமா மேசையைத் துடைக்கும் சாக்கில் கட்டைப் புரட்டினாள். எல்லாத் தாள்களிலும் வலது மேல் மூலையில் ஓர் எண் அச்சாகியிருந்தது. நானூற்றுப் பதினொன்று, நானூற்றுப் பன்னிரண்டு என்று வரிசையாக.

ஒரு தாளில் மட்டும் எண் இல்லை. அது இரண்டாக மடிக்கப்பட்டு, கட்டின் அடியில் இருந்தது. பிரிவும் எழுதப்படவில்லை. ஓரங்களில் சிவப்பு மையில் யாரோ அழகான கையெழுத்தில் ஒன்றிரண்டு திருத்தங்கள் செய்திருந்தார்கள்.

பெண் கையெழுத்து. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதை எழுத்தும் ஓரமும் மாறாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். நகர நூலகத்தில் இந்தோனேசிய மொழி அகராதி ஒன்று இருந்தது. ஒவ்வொரு சொல்லாக, ஆய்வகத்தில் உப்பைக் கண்டுபிடிப்பது போல, நான்கு நாள் வேலை. கடைசியில் வந்தது இது:

‘மன்னிக்க வேண்டும். பல வேலைகளுக்கு நடுவில் தொந்தரவு செய்கிறேன். மூன்று மாதமாகக் காத்திருக்கிறேன். வெளிச்சம் வரவில்லை. எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் வருகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. ஒரு முறை என் பக்கம் பார்க்கப்பட்டால் போதும். முன்கூட்டியே நன்றி.’

நிருபமா நூலகத்துக் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். அகராதியைக் கடன் வாங்கிக்கொண்டாள்.

"இருட்டுக்க நிண்டு கூப்பிடுறா" என்றாள் எவ்லின் அக்கா, கடிதத்தைக் கேட்டுவிட்டு. "ஒரு முறை பாக்கட்டாம். என்ன துணிவு!"

அன்று சாயங்காலம் நிருபமா ஒரு வாக்கியத்தை மனதுக்குள் ஏழு தரம் எழுதிப்பார்த்துவிட்டு, ராகவ் முன்னால் போய் நின்றாள்.

"மூணு மாசமா யார் காத்திட்டிருக்காங்க?"

ராகவ் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அதை எடுக்க மேசைக்கடியில் போனவன் வெளியே வரச் சற்று நேரமானது.

"உனக்கு... அது எப்படித் தெரியும்?"

"தாள் கீழ விழுந்திருந்தது. டிக்‌ஷனரி பார்த்தேன்."

"டிக்‌ஷனரியா! நீயா!" அவன் காது மடல் சிவந்திருந்தது. "அது தெருவிளக்கும்மா. மூணு மாசமா எரியலையாம். பாவம், யாரோ." சட்டென்று அந்தத் தாளை எடுத்து, பிரித்து, மூலையில் ‘விளக்கு’ என்று எழுதி, கட்டுக்கு நடுவில் செருகினான். "பாத்தியா? விளக்கு."

"சரி" என்றாள் நிருபமா.

நம்பவில்லை. மறுநாள் அவன் போனதும், முந்தின கட்டிலிருந்து அவன் வீட்டிலேயே வைத்திருந்த பிரதிகளைப் பத்துப் பன்னிரண்டு படித்தாள். எல்லாம் அப்படியேதான் இருந்தன. ‘மன்னிக்க வேண்டும். தினமும் வாசலில் நின்று வழி பார்க்கிறேன். வரவில்லை’ என்பது குப்பை லாரி. ‘என் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு, ஆனாலும் நம்பிக்கை இழக்கவில்லை’ என்பது சாக்கடை மூடி. ஒருவரும் யாரையும் திட்டவில்லை. குப்பை ‘எடுக்கப்படவில்லை’. குழி ‘மூடப்படவில்லை’. யார் எடுக்கவில்லை, யார் மூடவில்லை என்ற பேச்சே இல்லை. மன்னிப்பில் தொடங்கி, நன்றியில் முடித்து, நடுவில் வலியை ஒரு சிட்டிகை வைத்திருந்தார்கள்.

நகராட்சிக் கடிதத்தைப் படித்துவிட்டு நூலகக் கழிவறையில் அழுதவள் ஜெர்மனியிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நிருபமாவுக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கம் இரண்டு நாள் தாங்கியது. அதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது.

ராகவ் ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை படித்தான். "பாவம், இந்தப் பெரியவர் வீட்டு வாசல்ல மூணு வாரமா தண்ணி நிக்குதாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யார் வீட்டுக் குழாய் எப்போது ஒழுகுகிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. நிருபமாவுக்கு மூன்று நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. அது அவனுக்குத் தெரியாது.

அவளும் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

"ரத்னாமேல இல்லக்கா இப்ப" என்றாள் எவ்லின் அக்காவிடம். "புகார் எழுதற எல்லார்மேலயும் பொறாமையா இருக்கு. அந்த ஊர்ல மூணு லட்சம் பேர்."

எவ்லின் அக்கா யோசித்தாள். "அப்ப நீரும் ஒரு ஆன்ட்ராக் போடும்."

"என்னது?"

"ஆன்ட்ராக், பிள்ளை. விண்ணப்பம். இந்த நாட்டில ஆன்ட்ராக் போடாமல் ஒருத்தருக்கும் ஒண்டும் கிடையாது. புருசன்மாருக்கும் அதுதான் சட்டம்."

*

மூன்று வாரம் ஆனது. அந்த மொழியில் வினைச்சொற்கள் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை என்பது நிருபமாவுக்கு ஆறுதலாக இருந்தது. எண் இல்லாத அந்தத் தாளின் பிரதியையே மாதிரியாக வைத்துக்கொண்டாள். அதே எழுத்தளவு. அதே ஓரம். கம்ப்யூட்டரில் தட்டி, அச்செடுத்து, புதிய கட்டின் நடுவில் செருகினாள்.

‘மன்னிக்க வேண்டும். என் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவரால் காகிதங்கள் பார்க்கப்படுகின்றன. நான் சாப்பிட்டேனா என்று கேட்கப்படுவதில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. முன்கூட்டியே நன்றி.’

ஞாயிற்றுக்கிழமை காலை ராகவ் அந்த இடத்துக்கு வந்தான். பென்சில் நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தான். மறுபடி படித்தான். மூன்றாம் முறையும் படித்தான். நிருபமா வெங்காயம் நறுக்கிக்கொண்டே கவனித்தாள்.

"என்னாச்சு?"

"ஒரு பொண்ணு எழுதியிருக்கா." அவன் குரல் கம்மியிருந்தது. "இதை எந்தப் பிரிவுல போடறதுன்னு தெரியல. தண்ணி இல்ல. சாலை இல்ல."

"குப்பையா?"

"சேச்சே." அவன் மூலையில் மெதுவாக ‘மற்றவை’ என்று எழுதினான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "நிரு, நீ சாப்பிட்டியா?"

நிருபமா கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அறுபது விநாடிதான்.

அறுபத்தோராம் விநாடி உறைத்தது. அவன் இதை அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. ஜாவாத் தீவில் யாரோ ஒருத்தி கேட்டதால் கேட்கிறான். அந்த ஒருத்தியை நினைத்துக் குரல் கம்முகிறது.

மறுநாளிலிருந்து பன்னிரண்டு பத்துக்கு ஆபீசிலிருந்து தொலைபேசி வந்தது. "சாப்பிட்டியா?" தினமும். நிருபமா ஒவ்வொரு முறையும் "சரி... ம்ம், ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கருவியை வைக்கும்போது பல்லைக் கடித்தாள். இன்னொருத்திக்குப் போட்ட சோறு தன் தட்டில் விழுகிற மாதிரி இருந்தது.

"நீர் எழுதினதுதானே?" என்றாள் எவ்லின் அக்கா.

"நான் எழுதினதுன்னு அவருக்குத் தெரியாதே. அவரைப் பொறுத்தவரைக்கும் அவ வேற ஒருத்தி."

"அப்ப அவளை வடிவில்லாமல் ஆக்கிவிடும்."

இரண்டாவது கடிதம் போனது. ‘மன்னிக்க வேண்டும். முன்பு எழுதியவள்தான். எனக்கு வயது அறுபத்தொன்று. முன்பற்கள் இல்லை. குணமும் நல்லதென்று யாராலும் சொல்லப்படுவதில்லை.’

ராகவ் படித்தான். உதட்டைக் கடித்தான். அவன் தோள் குலுங்கியது. அவன் அழுகிறான் என்று நிருபமா எண்ணினாள்.

"அறுபத்தொண்ணு வயசு" என்றான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "எவ்ளோ அழகா எழுதறா."

அன்று பாத்திரம் அவன் கழுவினான். மறுநாள் வெந்நீர்ப் பை வாங்கிவந்தான். மறுபடியும் கட்டியிருந்த அவள் தொண்டைக்கு மிளகுக் கஷாயம் வைத்தான். மிளகு அதிகம். அவள் தொண்டை கட்டியது எப்படித் தெரிந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பல்லில்லாத கிழவிக்கு இவ்வளவா என்றுதான் தோன்றியது.

"இன்னைக்கு லன்ச்ல அந்தம்மாவைப் பத்தித்தான் பேச்சு" என்றான் ராகவ். "ரத்னா சிரிச்சுக்கிட்டே இருந்தா."

பொறாமை பழைய இடத்துக்கும் திரும்பியது. புதிய இடத்தையும் விடவில்லை.

நிருபமா ஒரே வழியைத்தான் கண்டாள். புகார் ஃபைலை மூடிவிட வேண்டும். மூன்றாவது கடிதம்: ‘மன்னிக்க வேண்டும். பிரச்சினை தீர்ந்தது. எங்கள் தெருத் தையல்காரர் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார். அவருடன் போகிறேன். இனி எழுதமாட்டேன். எல்லாவற்றுக்கும் நன்றி.’

ராகவ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"எந்தத் தையல்காரன்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

அவன் சாப்பிடவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். தாளை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்.

"நிரு, உன் கோட்டை நீளம் குறைக்க எங்கே குடுத்தே?"

"ஸ்டேஷன் பக்கத்துத் துருக்கிக்காரர் கடையில."

"ஓ." அவன் உட்கார்ந்தான். "அவருக்கு என்ன வயசிருக்கும்?"

"எதுக்கு?"

"சும்மாதான். இனிமே கோட்டெல்லாம் நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

கிழவி போன துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நிருபமா முடிவு செய்தாள். கணவனை இப்படி ஆக்கியது யார்? ‘எவ்வளவு அழகாகப் புகார் சொல்கிறார்கள்’ என்று அவனை மயக்கியது யார்?

"அந்த ரத்னாவை வீட்டுக்குக் கூப்பிடுங்க" என்றாள். அவள் இதுவரை பேசியவற்றில் மிக நீளமான கட்டளை.

*

டிசம்பர் ஞாயிறு. நாலரைக்கே இருட்டிவிட்டது. ரத்னா வந்தாள்.

நிருபமா எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம். முதுகில் பெரிய பை. வாசலிலேயே ஷூவைக் கழற்றி, ஓரமாக வைத்து, அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டாள். அழகாகத்தான் இருந்தாள். அதை மறுப்பதற்கில்லை.

போண்டாவும் சட்னியும் மேசைக்கு வந்தன. ஐந்து நிமிடத்தில் எவ்லின் அக்கா மாச் சலிக்க அரிதட்டு கேட்டு மேலே வந்தாள். ரத்னாவை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். அரிதட்டை வாங்காமலே போனாள். படியிறங்கும் முன், "கையில மோதிரம் கிடக்கு" என்று நிருபமாவின் காதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அது கொஞ்சம் ஆறுதல்.

"சட்னி ரொம்ப நல்லாருக்கு" என்றாள் ரத்னா ஆங்கிலத்தில். "மன்னிக்கணும். காரம் கொஞ்சம் கவனிக்கப்படலாம். முன்கூட்டியே நன்றி."

"தயிர் தீந்துபோச்சு" என்று ராகவ் எழுந்தான். "எவ்லின் அக்காகிட்ட இருக்கும். ரெண்டு நிமிஷம்." போகும்போது ரத்னாவை ஒரு மாதிரிக் கெஞ்சலாகப் பார்த்துவிட்டுப் போனான். நிருபமா அந்தப் பார்வையையும் குறித்துக்கொண்டாள்.

கதவு சாத்திக்கொண்டது. ரத்னா பையிலிருந்து சில தாள்களை எடுத்து, போண்டாத் தட்டைத் தள்ளிவிட்டு, மேசைமேல் வரிசையாக வைத்தாள். பிறகு தன் மொழியிலேயே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகப் பேசினாள். நிருபமாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"நகராட்சி அனுப்பும் தாள் எல்லாவற்றிலும் எண் இருக்கும். இவற்றில் இல்லை. அதை முதலில் கவனித்தது ராகவ்தான்."

நிருபமா தாள்களின் மூலைகளைப் பார்த்தாள். மாதிரியில் எண் இல்லை. அதனால் அவளும் போடவில்லை. மூன்று தாளிலும்.

"மன்னிக்க வேண்டும்" என்றாள் இந்தோனேசிய மொழியில். அந்த மொழியில் அவள் வாய்விட்டுப் பேசிய முதல் சொல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒப்புக்கொள்வதென்று ஆகிவிட்டது, கணக்காவது சரியாக இருக்கட்டும். "ஆனால் இங்கே நாலு தாள் இருக்கிறது. நான் எழுதியது மூன்றுதான்."

ரத்னா நாலாவது தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். மூன்று மாதமாக வெளிச்சம் வராத அந்தக் கடிதம். மூலையில் ராகவ் எழுதிய ‘விளக்கு’. அதற்குக் கீழே, ஓரத்துத் திருத்தங்களின் அதே சிவப்பு மையில், ‘மற்றவை’.

"தெரியும். இது உங்கள் கணவர் எழுதி, பிழை திருத்தச் சொல்லி என்னிடம் கொடுத்தது" என்றாள் ரத்னா. "மன்னிக்க வேண்டும், எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்கிற அந்த நகராட்சி நீங்கள்தானா?"